வெளியூரக்காவும் எங்கள் கல்வரப்பும்

ஒரு மலைச்சரிவை விருந்தாளி கண்ணில் படாமல் மறைத்துவைக்க முடியுமா? எண்பதுகளின் கடைசியில் ஓர் ஆவணி மாதம், நான் அதைத்தான் செய்யப் பார்த்தேன்.

அப்போது கிருஷ்ணகிரியில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்தேன். சிங்காரப்பேட்டை போகும் வழியில் ஒரு கிராமத்துப் பெண்கள் சங்கம் என் பொறுப்பு. அவர்களுக்கு நான் 'டீச்சர்'. இருபது பேர். பாதிப் பேர் கூலிக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் துண்டு துக்காணியாக மானாவாரி நிலம் வைத்திருப்பவர்கள். ஊருக்குப் பின்னாலிருந்த கரட்டுச் சரிவில் நாலு ஏக்கரை அரசாங்கம் சங்கத்தின் பேருக்குக் கொடுத்திருந்தது. மண்ணைவிடக் கல்தான் அதிகம். அதில் மா ஒட்டுக்கன்று நட்டோம். சித்திரையில் ஒரு கோடைமழை அடித்தது. கன்று, மண், குழிக்குப் போட்ட எரு எல்லாம் சேர்ந்து ஓடையில் இறங்கிவிட்டன. மறுபடியும் நட்டோம். ஆடியில் பெய்த மழை அதையும் கொண்டுபோனது.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் நிர்வாகி என்னைக் கூப்பிட்டார்.

"பெங்களூருக்குப் பயிற்சிக்கு பாலஸ்தீனத்திலிருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. அவங்க ஊர்ல கிராமத்துப் பொம்பளைங்களோட விவசாய வேலை பண்றவங்களாம். நம்ம சங்கத்தப் பார்க்க மூணு வாரம் வர்றாங்க. நல்லதாக் காட்டுங்கம்மா."

நல்லதுக்கு நான் எங்கே போவேன்? யோசித்து ஒரு திட்டம் போட்டேன். முதல் வாரம் பாரூர் ஏரிப் பாசனம், நெல்லும் கரும்பும். அடுத்த வாரம் மா நாற்றுப் பண்ணை. மூன்றாவது வாரம் ஏதாவது ஒரு கூட்டம், காப்பி, போட்டோ. சரிவுப் பக்கமே போகக் கூடாது.

அவரை அழைத்துவர ஒசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஷிப்ட் முடிந்த நேரம். யூனிபார்ம் போட்ட கம்பெனி ஆட்கள் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கத்திக்கொண்டு பஸ்ஸுக்கு முண்டியடித்தார்கள். அந்தக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கினார் அந்த அம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். குட்டையான உருவம், தலையில் துணி, காலில் உழைத்துத் தேய்ந்த செருப்பு. வரவேற்க ஓர் இங்கிலீஷ் வாக்கியத்தை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். அதைச் சொன்னேன். அவர் பதில் சொன்னார். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதைப் போலவேதான் இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர், சாலையோரப் புளியமரங்களைக் காட்டி என்ன மரம் என்று கேட்டார். சொன்னேன். "தமர் ஹிந்தி!" என்று கத்திவிட்டார். கண்டக்டர் யாரோ இறங்க வேண்டும்போல என்று விசிலை வாயில் வைத்துக்கொண்டார். விஷயம் இதுதான்: அவர்கள் ஊரில் நோன்பு மாதத்தில் புளிக்கரைசலைச் சர்க்கரை போட்டுக் குடிப்பார்கள். தமர் ஹிந்தி, அதாவது 'இந்தியப் பேரீச்சை' என்பதுதான் அதன் பெயர். அதனால் அது ஏதோ பனைமாதிரி மரத்தில் காய்க்கிறது என்றே இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறார். இவ்வளவு பெரிய மரமா, இவ்வளவு சின்ன இலையா என்று கிருஷ்ணகிரி வரும்வரை வியந்துகொண்டே வந்தார்.

ஊரில் பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். "சவுதியா? துபாயா?" என்று ஒருத்தி கேட்டாள். எருசலேம் பக்கம் ஒரு மலைக்கிராமம் என்றேன். "அது வெளிநாடாச்சே. வெளிநாடுன்னா ரொம்பத் தொலைவா இருக்குது. வெளியூருன்னு வெச்சுக்கலாம்" என்றார் கல்லுக்காரக்கா. அன்றிலிருந்து விருந்தாளியின் பேர் 'வெளியூரக்கா'.

கல்லுக்காரக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாற்பது வயது. கருங்கல் குவாரியில் பதினைந்து வருஷமாகக் கல் உடைத்தவர். வீட்டுக்காரருக்கு ஒசூரில் ஒரு கம்பெனியில் வேலை, சனிக்கிழமை மட்டும் வருவார். சங்கத்தில் யாரும் சொல்லத் தயங்குவதை இவர் சத்தமாகச் சொல்லுவார்.

மூன்றாம் நாள் எல்லோருமாகப் பாரூர் போனோம். ஏரி நிறைந்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. நாற்று நட்ட வயல் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. வெளியூரக்கா மரியாதையாக எல்லாவற்றையும் பார்த்தார். கையிலிருந்த நோட்டை மட்டும் திறக்கவேயில்லை.

"ரொம்ப அழகு. ஆனா இவ்வளவு தண்ணி எங்ககிட்ட இல்ல. தண்ணி இல்லாத பெண்கள் என்ன பண்றாங்க?" என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்ததும் கல்லுக்காரக்கா முன்னால் வந்தார். "நாங்கதான் தண்ணி இல்லாத பொம்பளைங்க. கரட்டு மேல எங்க காடு இருக்குது. ரெண்டு தபா கன்னு வெச்சு ரெண்டு தபாவும் ஓடையில போச்சு. டீச்சரம்மா உங்களுக்குக் காட்ட வெக்கப்படுறாங்க. சொல்லுங்க டீச்சர்."

என் குட்டை நானே இங்கிலீஷில் உடைக்க வேண்டிய நிலைமை. "மலையில் கொஞ்சம் நிலம் இருக்கிறது என்கிறார்" என்றேன். இருபது பேர் சிரிக்கிறார்கள், என் முகம் சிவந்திருக்கிறது. அதை வைத்தே அவருக்கு மீதி புரிந்துவிட்டது.

மறுநாள் காலை சரிவுக்குப் போனோம். கீழே நின்று மேலே பார்த்தவர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அவர் சிரித்தது வேறு காரணத்துக்கு.

"இது எங்க ஊர்! எங்க நிலமும் இப்படித்தான். இவ்வளவு நல்ல கல்லை வெச்சுக்கிட்டு ஏன் மண்ணைப் போக விடுறீங்க?"

நாங்கள் கல்லை எதிரியாகத்தான் நினைத்திருந்தோம். பொறுக்கிப் பொறுக்கி ஓரத்தில் குவித்திருந்தோம். அவர்கள் ஊரிலோ மலையைச் சுற்றிப் படிபடியாகக் கல்வரப்பு. சுண்ணாம்பும் கிடையாது, சிமெண்டும் கிடையாது. வெறும் கல் அடுக்கு. அதற்குப் பின்னால் தேங்குகிற மண்ணில் ஒலிவ மரமும் அத்தியும் திராட்சையும். மழைக்காலம் முடிந்ததும் ஆணும் பெண்ணும் போய்ச் சரிந்ததை எடுத்துக்கட்டுவார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டே கல்லைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். இடையிடையே வேறு விஷயங்களும் வந்தன. ராணுவம் சாலையை அடைத்துவிட்டால் சொந்த மரத்துக்குப் போக முடியாது. காய் பழுத்து உதிர்ந்தாலும் தூரத்திலிருந்து பார்க்கத்தான் முடியும். சந்தைக்கும் போக முடியாது. அதனால் பெண்கள் வீட்டை ஒட்டியே காய்கறி போடுகிறார்கள். மழைநீர்த் தொட்டியில் இருக்கும் கொஞ்சம் தண்ணீரை வைத்து எப்படி வளர்ப்பது என்று கற்றுக்கொள்ளத்தான் இங்கே வந்தது. அனுதாபம் கேட்கிற குரலில் அவர் இதைச் சொல்லவில்லை. பஸ் வராத ஊரைப் பற்றி எங்கள் பெண்கள் சொல்வார்களே, அந்தக் கோபமும் கேலியும் கலந்த குரல். நான் மொழிபெயர்த்து முடித்ததும் ஒருத்தி ஓரத்துக் குவியலிலிருந்து ஒரு கல்லைத் தூக்கிவந்து அவர் பக்கத்தில் போட்டாள்.

"இத்தன வருசமா கல்லை உடைச்சாச்சு. அடுக்கித்தான் பார்ப்பமே" என்று கல்லுக்காரக்கா முந்தானையை இழுத்துச் செருகினார்.

ஆறு நாள் வேலை. கடப்பாரை, கூடை, சம்மட்டி. சரிவுக்குக் குறுக்கே அறுபது அடி நீளத்துக்கு, இடுப்பு உயரத்துக்குச் சுவர் எழுந்தது. வெளிப்பக்கம் ஒரே சீராக, பார்க்க அவ்வளவு லட்சணம். ஊரே வந்து பார்த்தது. டீக்கடைக்காரர் அதில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டு "அணைக்கட்டு" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஏழாம் நாள் மழை. காலையில் போய்ப் பார்த்தால் சுவரின் நடுப்பகுதி தொப்பை மாதிரி பிதுங்கி, பாதிக்கு மேல் கவிழ்ந்து கிடந்தது.

வெளியூரக்கா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். "உண்மையச் சொல்லிடறேன்" என்றார். "நான் சின்ன வயசிலிருந்து கல் தூக்கித்தான் கொடுத்திருக்கேன். அடுக்கினது எங்க அம்மா. பார்த்தா சுலபமா இருந்தது."

இதை நான் சொன்னதும் சிரிப்பு கிளம்பியது. முதலில் ஒருத்தி, அப்புறம் எல்லோரும், கடைசியில் அவரும். நிபுணர் என்று நினைத்து அவர் முன்னால் அடக்கமாக நின்றவர்கள், அதற்கப்புறம்தான் அவர் தோளில் கை போட்டுப் பேசினார்கள்.

கல்லுக்காரக்கா மட்டும் சிரித்துக்கொண்டே கவிழ்ந்த கல்லைப் புரட்டிப் பார்த்தார். "அழகு பார்த்து நீட்டுவாக்குல வெச்சுட்டோம். கல்லோட நீளம் மலைக்குள்ள போவணும், பல்லு மாதிரி. அஸ்திவாரமும் மண்ணு மேலதான் நிக்குது. கெட்டித் தரை வர்ற வரைக்கும் தோண்டணும்." குவாரியில் கல் எப்படிப் பிளக்கும், எப்படி உருளும் என்று பதினைந்து வருஷம் பார்த்த கண். வெளியூரக்காவுக்கு இதைக் கேட்டதும் அம்மா செய்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. "ஆமா, ஆமா! சுவர் மலைப்பக்கம் சாய்ஞ்சு நிக்கும். பின்னால சின்னக் கல் போட்டு நிரப்புவாங்க." இவர் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, நடுவில் நான் மூச்சு வாங்க மொழிபெயர்த்தேன். ரெண்டு நாள் கழித்து என்னை யாருமே கேட்கவில்லை. அவர்கள் கையாலேயே பேசிக்கொண்டார்கள்.

இரண்டாவது சுவர் முதலாவதைப் போல லட்சணமாக இல்லை. கோணல்மாணலாக, முரட்டுத்தனமாக நின்றது. அடுத்த மழை பகலிலேயே வந்தது. யாரும் வீட்டுக்கு ஓடவில்லை. சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு இருபது பேரும் சரிவுக்கு ஏறினோம். மேலேயிருந்து செந்தண்ணீர் இரைந்துகொண்டு வந்து சுவரில் முட்டியது. நின்றது. கொஞ்ச நேரத்தில் கல் இடுக்குகளிலிருந்து தண்ணீர் வழிய ஆரம்பித்தது. ஒருத்தி அதைக் கையில் ஏந்தி, "டீச்சர், தெளிஞ்ச தண்ணி!" என்றாள். மண் உள்ளேயே தங்கிவிட்டது. வெளியூரக்காவும் கல்லுக்காரக்காவும் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். நானும் குதித்து, வழுக்கி விழுந்து, புடவை முழுக்கச் சேறு.

கடைசி வாரம் வெளியூரக்கா எங்களிடம் கற்றுக்கொள்ளும் முறை. சங்கத்தில் ஒரு பெண் வீட்டுப் பின்னால் மண்குடங்களைக் கழுத்து வரை புதைத்து, சுற்றிலும் அவரையும் வெண்டையும் போட்டிருந்தாள். குடத்தில் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டால் வேருக்கு வேண்டியது கசிந்துகொண்டே இருக்கும். இதைப் பார்த்ததும் வெளியூரக்கா நோட்டைத் திறந்து, மூடவே இல்லை. எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊற்றுவது, எவ்வளவு தள்ளி விதைப்பது, சூளையில் சரியாக வேகாத குடம் கரைந்துவிடாதா என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அந்தப் பெண் மூடியைத் தூக்கிப் பார்த்து "குடம் காலி" என்றாள். அவர் நிமிர்ந்தார். "காலியா? அது எங்க வார்த்தை!" அரபியிலும் அப்படித்தானாம். "எடுத்துட்டுப் போங்க, எங்ககிட்ட நெறைய இருக்குது" என்றாள் அவள்.

கிளம்பும்போது எங்கள் பெண்கள் சும்மா விடவில்லை. வைக்கோல் சுற்றிய ஒரு மண்குடத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். விமானத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டே போனதாகவும், விளிம்பு கொஞ்சம் உடைந்ததாகவும், அதைக் காட்டி ஊர்க் குயவரிடம் அதேபோல் முப்பது செய்யச் சொன்னதாகவும் நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தக்காளி காய்த்திருப்பதாகவும் எழுதியிருந்தார். அதற்கப்புறம் ரெண்டு கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. நான் எழுதியதும் போய்ச் சேர்ந்ததா தெரியாது.

சரிவில் அந்த வருஷம் கொள்ளு விதைத்தோம். அடுத்த வருஷத்துக்குள் மேலே இன்னும் ஐந்து வரப்பு கட்டியாகிவிட்டது. மூன்றாம் தடவை நட்ட மாங்கன்றுகள் பிழைத்துக்கொண்டன. செய்தி பரவி, தளி பக்கத்துக் கன்னடக்கார ஊர் ஒன்றிலிருந்து கல்வரப்பு கட்டச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று எங்கள் ஆபீசுக்குக் கேட்டு வந்தார்கள். நிர்வாகி என்னைப் பார்த்தார். நான் கல்லுக்காரக்காவைப் பார்த்தேன்.

"எனக்குக் கன்னடம் பாதிதான் வரும்" என்றார் அவர்.

"வெளியூரக்காவுக்குத் தமிழ் எவ்வளவு வந்துச்சு?" என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில், சம்மட்டியைச் சாக்கில் சுற்றி டிரைவர் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார் கல்லுக்காரக்கா.