தடை வருமுன் வந்த பார்சல்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதக் காலையில், லண்டன் நோர்பரியில் உள்ள எங்கள் ஃபிளாட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. சப்பாத்துப் பெட்டி அளவுதான். அதைப் பிரித்தபோது என் கணவரின் முகத்தில் வந்த சந்தோஷத்தை எங்கள் கலியாண வீடியோவில்கூட நான் கண்டதில்லை.

அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். முதுகு வருத்தத்தால் ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த கடையைக் கொடுத்துவிட்ட பிறகு, அந்த மனிதர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலே கதியென்று கிடந்தார். யாரோ கொடுத்த ஒரு கள்ளிச் செடிதான் அவரை எழுப்பியது. தண்ணீர் ஊற்ற எழுந்தவர், அதன் பெயரைத் தேடிக் கம்ப்யூட்டருக்கு முன் உட்கார்ந்தார். பிறகு உலகம் முழுக்க உள்ள செடிப் பைத்தியங்களின் குழு ஒன்றில் சேர்ந்தார். வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சட்டிகள். என் கறிவேப்பிலைக் கன்று பாத்ரூமுக்குப் போனது. மனுஷன் சிரிக்கிறாரே என்று பொறுத்துக்கொண்டேன்.

அன்று பெட்டிக்குள் இருந்தவை ஆறு செடிகள். எங்கேயோ ஒரு பாலைவன மலையில், பாறை வெடிப்புகளுக்குள் மட்டும் முளைப்பவையாம். பார்க்கக் கூழாங்கல் மாதிரி, பெருவிரல் நகத்தளவு. ஆனால் வேர்கள் பாதியில் முறிந்திருந்தன. ஒன்றின் வேர் ஒரு கல்துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

“என்னப்பா இது, கல்லோட பிடுங்கியிருக்கு?”

“நேர்சரியில வளர்த்ததெண்டுதான் போட்டிருக்கிறான்.”

“நேர்சரியில பாறைக்குள்ளயோ வளர்க்கிறவை?”

“நீர் சும்மா இரும். இதைக் கெதியில தடை செய்யப் போறாங்களாம். அதுக்கு முன்னம் வாங்கி வைச்சிடவேணும். பிறகு கிடையாது.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரு உயிர் அழியப் போகிறது என்று கேள்விப்பட்டால் காப்பாற்றத்தானே மனம் வர வேண்டும்? இந்தச் செடிப் பைத்தியங்களுக்கு முந்திக்கொண்டு வாங்கத்தான் மனம் வருகிறது. இன்னும் ஒரு பெட்டிக்கு அவர் சொல்லி வைத்திருந்தார் என்பது தெரிந்ததும் நான் போனைக் கையில் எடுத்தேன்.

“புருஷனையே பிடிச்சுக் குடுக்கப் போறீரோ?”

“உங்களை இல்லை, வித்தவனை. முதல்ல மற்றப் பெட்டியை வேண்டாமெண்டு சொல்லுங்கோ.”

சொன்னார். ஆனால் அதோடு என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டார்.

பிடித்துக் கொடுப்பது அவ்வளவு சுலபமா? பொலிஸுக்கு எடுத்தேன். உங்களிடமிருந்து திருடினார்களா என்று கேட்டார்கள். இல்லை, ஒரு மலையிலிருந்து என்றேன். பிறகு கவுன்சிலைக் கேட்கச் சொன்னார்கள். கவுன்சிலில் இருந்தவர், செடி என்றால் எந்தக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். இன்னோர் அலுவலகத்தில் போனில் நெடுநேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, அந்தச் செடி பாதுகாக்கப்பட்ட செடிகளின் பட்டியலில் இல்லை, ஆகவே தங்களால் ஒன்றும் செய்ய ஏலாது என்றார்கள். ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்டேன். அது தங்கள் வேலை இல்லையாம்.

கடைசியில் ஒரு தாவரவியல் தோட்டத்தில் வேலை செய்யும் பெண், செடிகளைக் கொண்டுவரச் சொன்னார். என் கணவரும் வந்தார். ரயிலில் பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார்.

அந்தப் பெண் செடிகளைப் பார்த்த உடனேயே, காட்டிலிருந்து பிடுங்கியவைதான் என்றார். அந்த இனத்தின் நிலை என்ன, அழியும் ஆபத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். யாரும் இன்னும் மதிப்பிட்டு முடிக்கவில்லை என்றார். அந்த மலையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால்தான் ஒரு நிலையைச் சொல்லலாம். பார்க்கப் போனவர்கள் கண்டது பெரும்பாலும் வெறும் குழிகளைத்தான். செடி இருக்கும் இடத்தை எழுதி வெளியிடவும் பயமாம், வாசித்துவிட்டு முதலில் போகிறவன் கள்ளனாக இருப்பான் என்று.

திரும்ப அந்த மலையிலேயே நட முடியாதா என்று என் கணவர் கேட்டார். முடியாது, இங்கிருந்து ஏதாவது நோய் போனால் மிச்சமும் செத்துவிடும் என்றார். பிறகு எங்கள் பெட்டியை வாங்கிக்கொண்டு, எங்களை ஒரு கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போனார். கடத்தி வரும்போது எல்லையில் பிடிபட்ட செடிகள் தட்டுத் தட்டாக இருந்தன. பாதி சுருங்கிப்போய், பாதி அழுகிப்போய். என் கணவர் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனார். அறையின் மறுகோடியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், கண்டதை எல்லாம் தன் குழுவில் எழுதினார். தயவுசெய்து யாரும் வாங்காதீர்கள் என்று முடித்திருந்தார். ஒரு மணித்தியாலத்துக்குள் பதில்கள் வந்து குவிந்தன. உனக்கு வேண்டாமென்றால் எனக்குத் தா. யாரிடம் வாங்கினாய்? இன்னும் மிச்சம் வைத்திருக்கிறானா? வாசித்து முடித்தவர் கம்ப்யூட்டரை மூடிவிட்டு அறைக்குள் போனார். பழையபடி கதவைச் சாத்திவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்தது.

அடுத்த நாள் காலை அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

“எங்கயப்பா போறியள்?”

“அந்தக் கண்ணாடி அறையில வேலைக்கு ஆள் காணாதாம். கேட்டுப் பாக்கப் போறன்.”

இப்போது கிழமைக்கு ஒரு நாள் அந்தக் கண்ணாடி அறையில் சம்பளமில்லாத வேலை செய்கிறார். நாங்கள் கொடுத்த ஆறில் நான்கு செத்துவிட்டன. அந்தச் செடியின் நிலையை இன்றுவரை யாரும் முடிவு செய்யவில்லை. விற்றவன் மட்டும், இதுவே கடைசி என்று போட்டு இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறான்.

ஏதாவது ஒரு உயிர் அழிந்துகொண்டிருக்கிறது என்று செய்தியில் சொன்னால், எனக்கு இரக்கம் வருவதற்கு முன்பே பயம் வருகிறது, இதைக் கேட்டுவிட்டு இந்த நேரம் எத்தனை பேர் அதற்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களோ என்று.