கயிறு அறுந்துபோகட்டும் என்று கேட்டேன்

என் சிநேகிதியின் உயிர் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றின் மேல் நான் கத்தியை வைத்தேன். சேசுவுக்குள் பிரியமான சகோதரிகளே, சாட்சி சொல்ல எழுந்து நிற்கும் நான் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். இதை மறைத்துவிட்டு, ஆண்டவர் செய்த உதவியை மட்டும் சொன்னால் அது பாதிப் பொய்.

என் பெயர் லூர்து. அம்மாபேட்டையில் ஒரு சாயப்பட்டறையில் நூல் முக்குகிறவர் என் அப்பா. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கி, ஆசிரியைப் பயிற்சியும் முடித்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றும் உண்டு. ஆனால் அந்த நாட்களில் இருந்தது பெருமை இல்லை, திமிர்.

1963ஆம் வருடக் கோடை விடுமுறையில், என்னோடு பயிற்சிக் கல்லூரியில் படித்த இரண்டு பேரும் நானும் இமயமலைக்குப் போனோம். பெண்களுக்கு மலையேறக் கற்றுக்கொடுக்கும் முகாம். நூர்ஜகான் சேலத்து நூல் வியாபாரியின் மகள். கமலம் திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டத்துப் பெண். ஒரு பரீட்சையில் தவறி, இரண்டாம் முறை எழுதித் தேறியவள். அதை வாரம் ஒருமுறையாவது அவளுக்கு நான் ஞாபகப்படுத்துவேன். அவள் சிரித்துக்கொள்வாள். முகாமில் எங்கள் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்தபோது, "சுத்தியில ஒடச்சுத்தான் தலைக்குத் தேய்க்கோணும் போல" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தவளும் அவள்தான்.

எங்கள் வழிகாட்டி பசாங் என்ற மலைக்காரர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் இந்தியில் சொல்வதை நான்தான் மற்ற இருவருக்கும் தமிழில் சொல்வேன். கயிறு தொய்யக் கூடாது, கையில் சுற்றி வைத்துக்கொள்ளவே கூடாது என்று மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் தமிழில் சொன்னவள் நான். கேட்காதவளும் நான்.

கடைசி வாரம், சிகரத்துக்குப் போகும் நாள். விடிந்ததும் பனியாற்றின் மேல் நடந்தோம். முன்னால் பசாங், பிறகு நூர்ஜகான், பிறகு நான், கடைசியில் கமலம். நான்கு பேர் இடுப்பையும் ஒரே கயிறு கட்டியிருந்தது. காற்று முகத்தில் அறைந்தது. கமலம் மெதுவாக நடந்தாள். அடிக்கு அடி கயிறு என் இடுப்பைப் பின்னால் இழுத்தது. எரிச்சலில் கயிற்றை இழுத்து இடது கையில் நாலைந்து சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

"ஏண்டி இப்படி இழுக்கிற? நான் என்ன உங்க வீட்டுக் கன்னுக்குட்டியா?"

"கன்னுக்குட்டியா இருந்தாச் சொன்னதக் கேக்கும், புள்ள. கயித்தக் கையில சுத்தாத, உடு!"

"ஒரே பரீட்சையை ரெண்டு வாட்டி எழுதினவ எனக்குச் சொல்லித்தர வேணாம்."

நூர்ஜகான் திரும்பி, "மேல போயி சண்ட போடுங்கடி. வாயத் தொறந்தா பல்லு உறையுது" என்றாள்.

பத்து அடிகூட நடந்திருக்க மாட்டோம். பின்னால் 'தொம்' என்று ஒரு சத்தம். திரும்பினேன். கமலம் இல்லை. அவள் நின்ற இடத்தில் பனி வாய் பிளந்திருந்தது. பிளவை மூடியிருந்த, நாங்கள் மூவரும் மிதித்துத் தாண்டிய பனிக்கூரை அவள் காலடியில் உடைந்துவிட்டது.

கயிறு விறைப்பாக இருந்திருந்தால் அவள் இடுப்பளவோடு நின்றிருப்பாள். நான் சுற்றி வைத்திருந்தது அவிழ்ந்து அவளோடு சரிந்தது. பிறகு வெடுக்கென்று ஒரே இழுப்பு. மிச்சமிருந்த சுற்றுகள் என் விரல்களை நெரித்தன. எலும்பு முறிவது காதில் கேட்டது. முகம் குப்புற விழுந்து, பனியில் மூக்கு உடைந்து, பிளவின் விளிம்புவரை இழுபட்டேன். முன்னால் பசாங்கும் நூர்ஜகானும் விழுந்து, கையிலிருந்த பனிக்கோடரியைத் தரையில் குத்தி இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் அவர்கள், இன்னொரு பக்கம் கமலத்தின் கனம். நடுவில் என் கை கிழிந்துகொண்டிருந்தது. பனி எல்லாம் சிவப்பு.

அப்போது நான் ஜெபித்தேன். என்ன ஜெபம் தெரியுமா? "ஆண்டவரே, கயிறு அறுந்துபோகட்டும். அறுந்தால் என் மேல் பாவம் இல்லை."

கயிறு அறுந்துபோகவில்லை. வலது கையால் சட்டைப்பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்துப் பல்லால் திறந்தேன். கயிற்றின் மேல் வைத்தேன். 

கீழே இருட்டிலிருந்து குரல் வந்தது. "லூர்து! ஏ புள்ள, மேல இருக்கறயா? உனக்கு ஒண்ணும் ஆவலையே?"

என்னைக் கேட்டாள். தொங்கிக்கொண்டிருந்தவள் என்னைக் கேட்டாள்.

கத்தியைப் பக்கத்துப் பனிச்சரிவில் வீசினேன். அது எங்கோ போய்விட்டது. "ஆண்டவரே, என் கையை எடுத்துக்கொள்ளும். அவளை விட்டுவிடாதேயும்" என்று கதறினேன். எனக்கு முன்னால் நூர்ஜகான் கோடரியின் மேல் படுத்தபடி அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சட்டென்று கனம் போய்விட்டது. கயிறு தளர்ந்தது.

என் முதல் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். சகோதரிகளே, நரகம் என்றால் என்ன என்று அந்த நொடியில் பார்த்தேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

"கத்தாத! நின்னுட்டேன்! காலு வெக்க எடம் கெடச்சிருச்சு!"

அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் படிக்கட்டு கிடையாது. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கற்களில் கால் வைத்துத்தான் சிறு வயதிலிருந்து ஏறி இறங்குவாள். தோள் எலும்பு முறிந்த வேதனையிலும், காலை வீசி வீசி உதைத்து, பனிச்சுவரில் கையகலத்துக்கு ஒரு புடைப்பைக் கண்டுபிடித்து அதில் ஏறி நின்றிருந்தாள். பசாங் ஓடி வந்து கோடரியை அடித்து இறக்கிக் கயிற்றைக் கட்டினார். என் கையை விடுவித்தார். வெயில் உச்சிக்கு வரும்போது அவளை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். சிகரத்தை நாங்கள் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் கமலம். முகம் வீங்கி, வலது தோளில் கட்டு. மூன்றாம் நாள் எழுந்துபோய்க் கத்தியைப் பற்றிச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் இடது கையால் ஓங்கி ஓர் அறை விட்டாள். உடைந்த மூக்கில் மறுபடியும் ரத்தம் கொட்டியது. அவளும் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டாள். 

பிறகு கேட்டாள்: "கத்தி புடிச்ச கை எது?"

வலது கையை நீட்டினேன்.

"அது நல்லாத்தான இருக்குது? அந்தக் கையாலயே கஞ்சிய எடுத்து ஊட்டு. பசிக்குது."

ஊட்டினேன். அழுதுகொண்டே ஊட்டினேன். "உப்புப் போதும், அழுவாத" என்றாள்.

கமலத்தின் சாமர்த்தியம்தானே அது, ஆண்டவர் எங்கே வந்தார் என்று சிலர் கேட்கிறார்கள். நூர்ஜகானின் ஜெபமா, உன்னுடையதா என்றும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் செய்த இரண்டு ஜெபங்களில் எதைத் தள்ள வேண்டுமோ அதைத் தள்ளி, எதைத் தர வேண்டுமோ அதைத் தந்தார். அது எனக்குப் போதும்.

இப்போது சேந்தமங்கலத்தில் பாடம் நடத்துகிறேன். பரீட்சையில் தவறிய பிள்ளையைப் பார்த்து என் வாய் ஒரு வார்த்தை சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் சொல்லித் தருகிறேன்.

சகோதரிகளே, நல்ல வார்த்தை வாயில் வரும்வரை காத்திருக்காதீர்கள். கோபமா, பொறாமையா, ஒருவர் சாக வேண்டும் என்ற நினைப்பா, அதையும் அவர் முன்னால் கொட்டிவிடுங்கள். அவர் பயந்து ஓட மாட்டார். நீங்கள் கேட்ட கெடுதலைத் தராமல் தம் கையிலேயே வைத்துக்கொள்வார். அடுத்த வார்த்தைக்காக உங்கள் பக்கத்திலேயே இருப்பார். அவருக்கே தோத்திரம்.