ரோஜருக்குத் தகப்பன் யார்?

என் கட்டிலுக்கு அடியில் நீளமான ஓர் அட்டைக் குழாய் கிடக்கிறது. வளைகுடாவில், ருவைஸ் என்ற ஆலை ஊரில் பழைய அறையைக் காலி செய்தபோது பக்கெட்டு, மின்விசிறி எல்லாவற்றையும் அடுத்து வந்தவனுக்கு விட்டுவிட்டு, அந்தக் குழாயை மட்டும் தோளில் சாய்த்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். உள்ளே சுருட்டி வைத்திருப்பது ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் வம்சப் படம். விரித்தால் கட்டில் முழுவதும் மூடிவிடும். கீழே இன்று இருக்கும் பேரப்பிள்ளைகள், மேலே போகப் போகப் பண்ணை வீட்டுக்காரர்கள், பாதிரிகள், ஆட்டு ரோம வியாபாரிகள், எல்லாருக்கும் உச்சியில் வால்டர் என்று ஒரு குதிரைவீரனின் வாரிசு. வால்டருக்கும் அவனுக்குக் கீழே இருக்கும் ரோஜருக்கும் நடுவே மட்டும் கோடு முழுதாக இல்லை. புள்ளி புள்ளியாக இருக்கிறது. அந்தப் புள்ளிக்கோட்டைச் சுற்றி மேகம் மாதிரி ஒரு வளைவு, பக்கத்தில் ‘ஹோல்டு’ என்ற சொல். இரண்டையும் போட்டவன் நான்.

நான் அப்போது ஆலை விரிவாக்க வேலையில் டாக்குமென்ட் கன்ட்ரோலர். இப்போதும் அதே வேலைதான். குழாய் போகும் வழி, தூண் நிற்கும் இடம் என்று ஆயிரக்கணக்கான வரைபடங்கள் வரும். எண் போட்டு, பழையதை ஒதுக்கி, புதியதைச் சைட்டுக்கு அனுப்ப வேண்டும். படத்தில் ஏதாவது ஓர் அளவு உறுதியாகவில்லை என்றால் அந்த இடத்தைச் சுற்றி மேகம் வரைந்து ஹோல்டு என்று போட்டுவிடுவோம். அதைப் பார்த்தால் வெல்டர் அந்த இடத்தில் கை வைக்க மாட்டான். சந்தேகம் வந்த எவனும் ஹோல்டு போடலாம். எடுப்பதற்கு மட்டும் அதிகாரம் உள்ளவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான் என்பதாலோ என்னவோ, இந்த விதி எனக்கு வேதவாக்காக இருந்தது. காகிதம் பொய் சொல்லாது என்று நம்பிய காலம் அது.

வம்சப் படம் எங்கள் பிராஜெக்ட் மேனேஜருடையது. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்த ஆங்கிலேயர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் தூங்கும்போது அவர் தன் முன்னோர்களைத் தேடிக்கொண்டிருப்பார். பழைய சாசனங்களின் நகல்களை ஊரிலிருந்து யாரோ அனுப்புவார்கள். அவற்றை ஒழுங்குபடுத்த என்னைக் கூப்பிட்டார். ஆலையின் பெரிய பிரின்டரில் படத்தை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் எது இருந்ததோ அதைச் சொல்லித்தான் என்னை அழைப்பார்: “பழனிசாமி, ஒரு நிமிடம் வருகிறாயா?” மரியாதையான மனிதர். என் ஆங்கிலத்தைத் திருத்துவார், ஆனால் யார் முன்னாலும் திருத்த மாட்டார். அதற்காகவே அவர்மேல் எனக்கு ஒரு பக்தி இருந்தது.

அவருடைய தலைவலி ரோஜர்தான். ஒரு மடத்துக்கு நிலம் எழுதிக்கொடுத்த சாசனத்தில் ‘வால்டர் மகன் ரோஜர்’ சாட்சியாக நிற்கிறான். வால்டர் என்பவன் படையெடுத்து வந்த ராஜாவோடு கப்பலில் வந்திறங்கிய குதிரைவீரனின் வாரிசு. ஒரு தலைமுறை கழித்து இன்னொரு சாசனத்தில் ஊர்ப் பெயரோடு ஒரு ரோஜர் வருகிறான். ஆடு வளர்த்தவன். தகப்பன் பெயர் இல்லை. மேனேஜருடைய குடும்பம் இந்த ஆட்டுக்கார ரோஜரிலிருந்து இறங்கி வந்தது என்பதற்கு ஆதாரம் உண்டு. இரண்டு ரோஜரும் ஒரே ஆளா? ஒரே ஆள் என்றால் அவர் குதிரைவீரன் வம்சம். இல்லையென்றால் எவனோ ஒரு இடையனில் போய் நின்றுவிடும். “அந்தக் காலத்தில் எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது பழனிசாமி. தகப்பன் பெயரைச் சொல்வார்கள், இல்லையென்றால் ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். எழுதுகிறவன் கையில் எது வந்ததோ அது” என்றார். “எங்களுக்கு இன்றைக்கும் அப்படித்தான் சார்” என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார். ஆதாரம் கிடைக்கும்வரை புள்ளிக்கோடு போட்டு ஹோல்டு வைக்கலாம் என்று நான் சொன்னபோது மேசையைத் தட்டினார். “சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறேன்.”

என் அப்பாவும் ருவைஸில்தான் இருந்தார். வேறொரு கம்பெனியில் சாரம் கட்டுகிறவர். நான் பிறப்பதற்கு முன்பே வளைகுடாவுக்கு வந்தவர், லீவில் வந்து போகும் மாமா மாதிரிதான் எனக்கு அவரைச் சிறுவயதில் தெரியும். என் வேலை இங்கேயே அமைந்த பிறகுதான் வெள்ளிக்கிழமைகளில் அவர் கேம்ப்புக்குப் போய், தகப்பனும் மகனுமாக உட்கார்ந்து சாப்பிட வாய்த்தது. வம்சப் படத்தைப் பற்றிச் சொன்னேன்.

“செத்து எண்ணூறு வருசம் ஆனவனையா தேடுறாரு? ஏன் தம்பி, அவருக்கு வேற டூட்டியே கெடையாதா?” என்றார்.

“நம்ம வம்சத்தை எழுதினா எதுவரைக்கும்பா போகும்?”

“எங்க தாத்தன் வரைக்கும் போகும். அதுக்கு மேல யாரு கண்டா? அடுத்தவன் வயல்ல குனிஞ்சு நின்னவனுக்கு எவன்டா சாசனம் எழுதுனான்?”

ஒருமுறை கருவாட்டுக் குழம்பை டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு அப்பா எங்கள் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். அப்போது மேனேஜர் காரிலிருந்து இறங்கினார். அப்பா தொப்பியைக் கழற்றி, “குட் மார்னிங் சார்” என்றார், பிற்பகல் அது. மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் காது விரிந்து வெளியே நிற்கும். “உங்களுக்கெல்லாம் சாசனம் எதற்கு? காதே போதும்” என்று சொல்லி அப்பாவோடு கைகுலுக்கினார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அப்பா வெட்கப்பட்டுத் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கேம்ப்பில் அதையே பல வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இங்கே என் பெயரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பாவின் பெயர் தண்டபாணி. பழனிசாமி இல்லை. என்னைப் பள்ளியில் சேர்க்க அம்மாதான் கூட்டிக்கொண்டு போனாள். அப்பா அப்போது பாலைவனத்தில் இருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். தலைமையாசிரியர் தகப்பன் பெயரைக் கேட்டதும் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “அவுக பேரா சார்... பழனி மலையில கோலோட நிப்பாரே, அந்தச் சாமி” என்றிருக்கிறாள். “பழனிசாமியா?” “இல்ல சார், சாமி அதேதான், பேரு வேற.” பின்னால் இன்னும் பத்துப் பிள்ளைகள் நின்றார்கள். “எல்லாம் ஒரே முருகன்தாம்மா” என்று அவர் எழுதிவிட்டார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. விஷயம் தெரிந்தபோது அப்பா ஊருக்குப் போன் போட்டுச் சிரித்தாராம்: “விடு புள்ள, எந்தப் பேரைச் சொன்னாலும் நாந்தான் திரும்பிப் பாக்கப் போறேன்.” அந்தப் பெயரே சான்றிதழில் ஏறி, பாஸ்போர்ட்டில் ஏறி, மேனேஜர் வாயிலும் ஏறியது. ஊரில் எங்களுக்கு அது ஒரு வேடிக்கைக் கதை.

கோடையில் ஒருநாள் மதிய இடைவேளையில், நிழலில் படுத்த அப்பா எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். நான் மருத்துவமனைக்குப் போக மேனேஜர் தன் காரையே கொடுத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் வைத்தார். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

உடலை ஊருக்கு அனுப்பும் வேலையை அப்பாவின் கம்பெனி பி.ஆர்.ஓ. பார்த்தார். அரசு அலுவலகங்களுக்கு அலைவதுதான் அவர் தொழில். மலையாளி, அப்பாவை நன்றாகத் தெரிந்தவர். என் பாஸ்போர்ட்டையும் அப்பா பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

“மோனே, இதுல உன் அச்சன் பழனிசாமி. இங்க கிடக்கிறவர் தண்டபாணி. நான் என்ன பண்ணட்டும்?”

“அண்ணே, உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். பேப்பருக்குத் தெரியண்டே? மகன்னு கையெழுத்துப் போட ஊர்ல இருந்து வாரிசு சர்டிபிகேட் வரணும். வாரக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் பாவம், அவர் ஃப்ரீசர்ல கிடக்கணும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “உன் மேனேஜர் வெள்ளைக்காரன் அல்லே? லெட்டர்ஹெட்ல ரெண்டு வரி வாங்கிட்டு வா. இவன் அவரோட மகன், எனக்குத் தெரியும்னு. அது போதும், நான் பேசி முடிச்சுடறேன்” என்றார்.

ஓடினேன். கடிதத்தை நானே அடித்து மேசையில் வைத்தேன். எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. மேனேஜர் இரண்டு தடவை படித்தார். பள்ளிக்கூடக் கதையைச் சொன்னேன். எழுதினவர் தவறு சார், ஆள் ஒன்றுதான் சார் என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “நான் மிகவும் வருந்துகிறேன், பழனிசாமி. ஆனால் நான் சுயமாக அறியாத ஒன்றை அறிந்ததாக எழுத முடியாது. இரண்டு ஆவணங்களில் இரண்டு பெயர் இருக்கிறது. மற்றவர்களைவிட உனக்கு இது நன்றாகத் தெரியும்.” அவர் பின்னால் சுவரில் வம்சப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. என் காதைத் தொட்டுக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

அப்பாவை ஃப்ரீசரில் காக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. பி.ஆர்.ஓ. வேறு வழி சொன்னார். உடலோடு கூடப் போவதற்கு உறவினராக இருக்க வேண்டியதில்லை. தெரிந்தவர் யாரும் போகலாம். படிவத்தில் இறந்தவருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் அவர் எழுதினார்: ‘நண்பர்.’ நான் கையெழுத்துப் போட்டேன். சரக்கு விமானப் பிரிவில் ஒருவன், “யல்லா, சீக்கிரம், யார் இதன் ஃபிரெண்ட்?” என்று கூப்பிட்டபோது நான்தான் கையைத் தூக்கினேன்.

காரியம் முடிந்த பிறகு அம்மாவை வாரிசுச் சான்றிதழுக்காக வி.ஏ.ஓ. ஆபீஸுக்குக் கூட்டிப்போனேன். “இறந்தவர் பெயரை நீங்களே உங்க வாயால சொல்லணும்மா” என்றார் அவர். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள். “கேக்கலம்மா, சத்தமா.” “தண்டபாணி” என்றாள் அம்மா. புருஷன் பெயரை அவள் முதல்முறையாகச் சொன்னது அன்றுதான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. வெளியே வந்து, “அன்னிக்கே சொல்லித் தொலச்சிருக்கலாம்” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

லீவு முடிந்து ருவைஸுக்குத் திரும்பினேன். மேனேஜர் எழுந்து வந்து தோளில் கைவைத்தார். சில வாரம் கழித்து மதியத்தில் கூப்பிட்டார். ஓய்வு பெற்றுக் கிளம்பப் போகிறார். ஊரில் குடும்பத்தார் எல்லாரும் கூடுகிறார்களாம். படத்தைக் கடைசியாக ஒருமுறை நல்ல தாளில் எடுத்துத் தர வேண்டும். “அந்த ஹோல்டை எடுத்துவிடு. கோட்டையும் முழுசாக்கிவிடு.”

“புது ஆதாரம் ஏதாவது கிடைத்ததா சார்?” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“இல்லை. இனிமேல் கிடைக்கவும் போவதில்லை. எழுதினவன் ஏதோ அவசரத்தில் தகப்பன் பெயரை விட்டிருப்பான். ஆள் ஒன்றுதான். இத்தனை வருஷம் தேடியவனுக்கு உள்ளே தெரிந்துவிடும், பழனிசாமி. எனக்குத் தெரியும்.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. எதையும் மறைக்கவும் இல்லை. நான் எதிரில் நிற்பதும், நான் யார் என்பதும், முன்பு அதே மேசையில் கிடந்த கடிதமும் அவருக்கு ஞாபகமே வரவில்லை. அதுதான் இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை. வேண்டுமென்றே செய்திருந்தால் வைதுவிட்டுப் போயிருப்பேன்.

“ஹோல்டு எடுக்கக் கையெழுத்து வேண்டும் சார்” என்றேன். அவர் சிரித்து, “விதி விதிதான்” என்று சொல்லிப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். எண்ணூறு வருஷத்துக்கு முந்திய ஒருவனுக்குத் தகப்பனை எழுதிக்கொடுக்க ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. நான் கம்ப்யூட்டரில் மேகத்தை அழித்தேன். கோட்டை முழுசாக்கினேன். கனமான தாளில் எடுத்துக் குழாயில் போட்டுக் கொடுத்தேன். சுவரிலிருந்து கழற்றிய பழைய தாளை நான் வைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஆபீஸ் நண்பர் ஒருவர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். மேனேஜர் வீட்டு மாடிப்படி. சுவரில் சட்டம் போட்ட வம்சப் படம். கீழே பேரப்பிள்ளைகள் நிற்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். வால்டரிலிருந்து ரோஜருக்குக் கோடு நேராக, கறுப்பாக இறங்கியது. பிள்ளைகள் அதை நம்பித்தான் வளரும். வளரட்டும். இடையன் வம்சம் என்றாலும் அவர்களுக்கு ஒன்றும் குறைந்திருக்காது.

அன்றைக்கு அறைக்கு வந்து கட்டிலுக்கு அடியிலிருந்த குழாயை இழுத்தேன். பழைய படம் இதில்தான் இருக்கிறது, புள்ளிக்கோடும் மேகமும் ஹோல்டுமாக. அதோடு சேர்த்துச் சுருட்டிய இன்னொரு தாளும் விழுந்தது. உடலோடு நான் போன படிவத்தின் நகல். இறந்தவர் தண்டபாணி, கூடச் செல்பவர் பழனிசாமி என்ற குடும்பப் பெயருள்ள நான், உறவு: நண்பர். வாரிசுச் சான்றிதழ் பிறகு வந்துதான் சேர்ந்தது, ஊரில் பெட்டிக்குள் இருக்கிறது; அதைக் கொண்டுவந்து காட்டி இந்தக் கட்டத்தைத் திருத்தச் சொன்னால் எந்த ஆபீஸிலும் சிரிப்பார்கள். பென்சிலை எடுத்து அந்த ‘நண்பர்’ என்ற சொல்லைச் சுற்றி மேகம் வரைந்தேன். ஹோல்டு என்று எழுதினேன். போடுகிற அளவுக்கு எனக்கு அதிகாரம் உண்டு.