ராத்தாவின் இடது கால் சப்பாத்து

என் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவளுடைய இடது கால் வலது காலைவிட இரண்டு விரல் அளவு கட்டை. அதற்கேற்ற சப்பாத்துப் போடாமல் நடந்தால் முதுகு வளைந்துவிடும் என்று ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் அப்போது நாலாம் வகுப்பு. வாப்பா எங்கள் இருவரையும் கல்முனையில் சப்பாத்துத் தைக்கிற ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"காக்கா, ஒரு காலுக்குத்தான் வேணும். சோடி விலையில பாதி எடுங்க" என்றார் வாப்பா, அவரை அண்ணன் முறை சொல்லி, கெட்டிக்காரத்தனமாக.

சப்பாத்துக்காரர் ராத்தாவின் பாதத்தை அட்டையில் வரைந்து, நூலால் சுற்றி அளந்துவிட்டு விலை சொன்னார். அந்த விலைக்கு நாலு சோடி வாங்கலாம். வாப்பா ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

எனக்குக் கால் நகரவில்லை. சுவர் நிறைய மரத்தில் செதுக்கிய பாதங்கள். கைக்குழந்தையின் பாதம் முதல் என் முழங்கை நீளப் பாதம் வரை வரிசையாக இருந்தன. நான் வாய் திறந்து பார்ப்பதைக் கண்டு அவர் ஒன்றை என் கையில் தந்தார்.

"இது ஒண்டுல வச்சு எத்தின நூறு சப்பாத்து அடிச்சிருப்பன். உங்கட ராத்தாட கால் இதுக்குள்ள இல்ல மனெ. புதுசாச் செதுக்கோணும், ஒரேயொரு சப்பாத்துக்கு. அதே மாதிரிக் கால் உள்ள நூறு பேரக் கூட்டிட்டு வா, மத்தச் சப்பாத்து விலைக்கே தாறன்."

பகிடிக்குத்தான் சொன்னார். நான் நம்பிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் எல்லோரும் குதிகாலைக் கோட்டில் வைத்து வரிசையைச் சரிசெய்தார்கள். நெற்றியை வைத்து சுஜூது செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டிய நான் முன்வரிசைக் கால்களைப் பார்த்தேன். உப்புத் தண்ணீரில் வெளுத்த கால், வயல் சேற்றில் வெடித்த கால், பெருவிரல் விலகி நின்ற கால், ஆறு விரல் உள்ள கால். அத்தனை பேரும் ஒன்றாய்க் குனிந்தார்கள். ஒரு காலாவது இன்னொன்றைப் போல இல்லை. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

தேடித் தேடி, நொண்டி நடக்கிற மீன் வியாபாரி ஒருவர் மட்டும் கிடைத்தார். பள்ளிவாசல் படியில் வைத்து நூலால் அளந்தேன்.

"ஏன்டா, என்ர காலுக்கு உடுப்பா தைக்கப் போறாய்?" என்று சிரித்தார். அவருக்குக் கட்டை வலது கால்.

மறுகிழமை சப்பாத்துக் கடைக்குத் தனியே போனேன். சப்பாத்துக்காரரின் மடியில் மரத்தாலான ஓர் இடது பாதம் இருந்தது. சின்னவிரல் உள்ளே மடிந்திருந்தது, அச்சு அசலாக ராத்தாவுடையது. கீழே அதே மாதிரி இரண்டு, பிழையாகிப்போய்க் கிடந்தன. வாப்பா மறுநாளே திரும்பி வந்து அந்த விலைக்கு ஓம் சொல்லியிருந்தாராம்.

"ஒருத்தரும் கிடைக்கல மாமா" என்றேன். அழுகை வந்தது.

உளியை நிறுத்தி என்னைப் பார்த்தார். "கிடைக்காது மனெ" என்றார் மெதுவாக.

பெருநாளன்று ராத்தா புதுச் சப்பாத்தில் ஒரு பக்கம் சரியாமல் நடந்து வந்தாள். என்னைவிட அவ்வளவு உயரம் என்று அன்றுதான் கண்டேன். அந்த மரப்பாதம் கடைச் சுவரில் தனியாகத் தொங்கியது. உலகத்தில் ஒரேயொருத்திக்காக ஒரு மனிதர் அத்தனை நாள் குனிந்திருந்ததைத்தான் வாப்பா வாங்கினார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. வாப்பா அவ்வளவு விலை கொடுத்தது நூறு பேரைத் தேடிக் கொடுக்காத என் பிழையால் என்றே வெகுகாலம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.