இரும்பு மேசையும் பஞ்சம்மாளும்

மண்டபம் ரயிலடிக்குக் கிழக்கே, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றது நாகநாதனின் மரவாடி. அங்கே பஞ்சம்மாளுக்கு முதலில் கொடுத்த வேலை மரத்தூள் அள்ளுவது. அது ஐம்பத்து மூன்றாம் வருஷம். கொழும்புக்குப் போன புருஷன் அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று உறுதியானதும், திருப்புல்லாணிப் பக்கத்து வயல் வேலையை விட்டுவிட்டு ரயிலேறி வந்தவள். வயசு முப்பது இருக்கும்.

மரவாடியின் உயிர் ஒரு வட்ட ரம்பம். கட்டில் அகலத்துக்கு ஓர் இரும்பு மேசை, அதன் நடுப்பிளவில் பாதி உடம்பை மட்டும் காட்டிச் சுழலும் பற்சக்கரம், அதை ஓட்ட ஓர் ஆயில் எஞ்சின். மேசைமேல் மரத்தை வைத்துத் தள்ளினால் பலகையாக மறுபக்கம் வரும். தள்ளுகிறவன் சுஐபு. வேம்பானாலும் இலுப்பையானாலும் நூல் பிடித்த மாதிரி அறுப்பான். கீழக்கரையில் படகு கட்டுகிறவர்கள் அவன் கைக்காகவே இவ்வளவு தூரம் வண்டி கட்டி வந்தார்கள்.

அந்தக் கரையில் இரும்புக்கு ஆயுசு குறைவு. உப்புக்காற்று ஒரே ராத்திரியில் மேசையில் செம்மண் தெளித்ததுபோல் துருவைப் பூசிவிடும். வேர்த்த கையை ஊன்றி எடுத்தால் மறுநாள் ஐந்து விரலும் பழுப்பாகப் பதிந்திருக்கும். தூள் குவிந்து கிடக்கிற இடத்தில்தான் துரு முதலில் கடிக்கிறது என்று யாரும் சொல்லாமலே கண்டுகொண்டவள் பஞ்சம்மாள். தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இரும்பின் மேலேயே படுத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு அவள் ஒரு பொட்டுத் தூளைக்கூட மேசையில் விட்டுப் போனதில்லை. சாயங்காலம் உலர்ந்த துணியால் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசுவாள். காலையில் வந்து மண்ணெண்ணெய்த் துணியால் அந்த எண்ணெயை எடுத்துவிட்டு மெழுகைத் தேய்ப்பாள். மெழுகு ஏறிய மேசையில் பனையளவு தடித்த மரமும் வழுக்கிக்கொண்டு போகும். சுஐபு முதல் பலகையைத் தள்ளிவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த மரத்துக்குத் திரும்பினால், அன்றைக்கு மேசை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படி நாலு வருஷம் ஓடியது.

ஐம்பத்தேழில் நாகநாதன் ஒரு பழைய படகை உடைத்து மரமாக்கினான். படகோடு ஒரு பீப்பாய் மீன் எண்ணெயும் வந்தது, மரம் உளுத்துப் போகாமல் படகுக்குப் பூசுகிற எண்ணெய். தேங்காயெண்ணெயையும் மெழுகையும் நிறுத்திவிட்டு, மண்ணெண்ணெய் டின்னையும் அறைக்குள் வைத்துப் பூட்டினான்.

"இனிமே இதத்தான் பூசணும்."

"அய்யா, இது காய காயப் பிசினாப் பிடிக்கும். மரம் நகராது," என்றாள் பஞ்சம்மாள்.

"தூள் அள்ள வந்தவ எனக்கு மிசினு சொல்லிக் குடுக்கியாக்கும்."

மறுநாளிலிருந்து அவள் மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உபதேசியாரிடம் கேட்டு வாங்கி, இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். எஞ்சின் கிளம்புவதற்கு முன்னால் மேசையைச் சுரண்டி மெழுகு தேய்த்துவிடுவாள். இப்படிப் பத்து நாள்தான் நடந்தது. பதினோராவது நாள் நாகநாதன் அதைப் பார்த்துவிட்டான்.

வேலை விடுகிற நேரம் அவளை வாசலில் நிறுத்தினான். சுமை தூக்குகிறவர்கள், வண்டிக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"அது என் மெழுகுதான? அறையிலருந்து எடுத்தியா?"

"இல்லய்யா. மாதா கோயில்ல குடுத்தது."

"கோயில்லயும் கைவரிசையக் காட்டிட்டியா? முந்தானைய உதறு."

உதறினாள். ஒன்றுமில்லை. கொசுவத்தையும் தளர்த்திக் காட்டச் சொன்னான். ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்போடு இன்னொரு சிரிப்பும் சேர்ந்துகொண்டது. பஞ்சம்மாள் நிமிர்ந்து பார்த்தபோது அது சுஐபுவின் முகமாக இருந்தது. அவன் உடனே வாயை மூடிக்கொண்டான் என்றாலும் அவள் பார்த்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் மெழுகு கொண்டு வரவில்லை. சொன்னபடி மீன் எண்ணெயைப் பூசினாள். மூன்றாம் நாள் காலையில் மேசையைத் தொட்டபோது விரல் ஒட்டிக்கொண்டு பிரிந்தது. மரம் ஒட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரிந்தது. சுஐபு எஞ்சின் பெல்ட்டை மாட்டிக்கொண்டு நின்றான். "அண்ணே, இன்னைக்குத் தள்ளாதீக" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்விட்டாள்.

அன்று கனத்த இலுப்பை. பாதி அறுபட்டதும் மேசையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. சுஐபு இடுப்பைக் கொடுத்து முட்டித் தள்ளினான். பிசின் சட்டென்று விட்டது, மரம் முன்னால் பாய்ந்தது, வலது கை அதோடு போனது. மூன்று விரல்கள் மேசையின் மறுபக்கம் விழுந்தன.

அவன் பலகை அடுக்கில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ துண்டைக் கிழித்துக் கட்டினார்கள். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒருவன் வண்டி தேடி ஓடினான். நாகநாதன் அறையைத் திறந்து, பூட்டி வைத்திருந்த மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கி வந்து பஞ்சம்மாள் முன்னால் வைத்தான்.

"ரத்தம் இரும்பத் தின்னுரும். காயுறதுக்குள்ள தொட."

சுஐபு அங்கேயேதான் இருந்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்க அவள் துடைத்தாள். பழகிய கை பற்சக்கரத்தின் இடுக்கெல்லாம் தானாகப் போய் வந்தது.

ஒரு மாதம் கழித்து அவன் கட்டோடு திரும்பி வந்தான். நாகநாதன் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டான்.

"மேசையத் தொடைக்காம விட்டது யாரு? நீயே சொல்லு சுஐபு."

சுஐபு தரையைப் பார்த்தபடி சொன்னான்: "பஞ்சம்மாதான். அவ ஒழுங்காத் தொடச்சிருந்தா என் கை போயிருக்காது."

முழுப் பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். மீன் எண்ணெயைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவளுக்கு அந்த மூன்றாம் நாள் காலை நினைவுக்கு வந்தது. அப்படியே வெளியே நடந்தாள். அவளுடைய வேலையை அன்றைக்கே சுஐபுவுக்குக் கொடுத்தார்கள்.

அவள் கருவாடு காயப்போடுகிற இடத்தில் போய்ச் சேர்ந்தாள். மீன் கீறி உப்புத் திணிக்கிற வேலை. விரலிடுக்கெல்லாம் வெடித்து, சோற்றைப் பிசையும்போது எரியும். ஒரு வருஷம் அப்படிப் போனது. இரண்டு விரலை வைத்துக்கொண்டு சுஐபுவால் துணியை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. ஐப்பசி அடைமழையில் மேசை முழுக்கத் துரு குழி பறித்துவிட்டது. நாகநாதன் பஞ்சம்மாளுக்கு ஆள் அனுப்பினான். தேங்காயெண்ணெயும் மெழுகும் அவள் கேட்டபடியே தருவதாகச் சொல்லிவிட்டான்.

அவள் கிளம்புவதற்கு முந்தியே சுஐபுவின் மனைவி உம்மு ஹபீபா காதில் விஷயம் விழுந்துவிட்டது. முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவள் கருவாட்டுக் களத்துக்கே வந்து நின்றாள்.

"பஞ்சம்மாக்கா, நீங்க அங்கன போனா அவுகளை நிப்பாட்டிருவாங்க. அந்தக் கைய வச்சிக்கிட்டு வேற யாரு வேலை குடுப்பா? மூணு புள்ளைக இருக்கு."

பஞ்சம்மாள் கீறிக்கொண்டிருந்த மீனைக் கீழே வைக்கவில்லை.

"எனக்கும் கை வெடிச்சுப் போச்சு ஹபீபா."

"அவுக சொன்னது தப்புதான். அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றேன், அது மொதலாளி சொல்லச் சொன்னது. உங்க மேல தப்பில்லன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்."

"தப்பு இருக்கு," என்றாள் பஞ்சம்மாள். "அன்னைக்கு மேசை ஒட்டுனது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்."

ஹபீபாவுக்கு அது பிடிபடச் சிறிது நேரம் ஆனது. பிடிபட்டதும் திரும்பி மணலில் நடந்து போனாள்.

மறுநாள் காலையில் பஞ்சம்மாள் மரவாடிக்குப் போனாள். சுஐபு மேசையோரம் துணியோடு நின்றான். ஹபீபா அவனிடம் சொல்லியிருந்தாள் என்பது அவன் பார்த்த பார்வையில் தெரிந்தது. பஞ்சம்மாள் கையை நீட்டினாள். அவன் துணியைக் கொடுத்தான்.

"நான் எங்கன போவேன், பஞ்சம்மா?"

"எனக்கென்ன தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் துருவைச் சுரண்டத் தொடங்கினாள்.

அவன் குடும்பத்தோடு கீழக்கரையில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டாள். அங்கே அவன் என்ன செய்கிறான் என்று அவள் விசாரிக்கவில்லை.

குழி விழுந்த மேசையைச் செங்கல் தூளும் எண்ணெயும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவர அவளுக்கு எட்டு மாதமானது. அறுபத்து நாலாம் வருஷப் புயலில் மரவாடிக் கூரை பறந்தபோதுகூட, அவள் முந்தின நாளே மெழுகை அப்பிச் சாக்குச் சுற்றிக் கட்டியிருந்ததால் மேசையில் ஒரு பொட்டுத் துரு ஏறவில்லை. அதற்கடுத்த வருஷம் தூத்துக்குடியிலிருந்து ஒருவர் வந்து மேசையைத் தடவிப் பார்த்தார்.

"கடலோரத்துல இப்படி ஒரு மிசினா? நேத்து வாங்குனது மாதிரி இருக்கே."

"நான் பாத்துக்கிட்ட பவுசு அப்படி," என்றான் நாகநாதன்.

தூரப் பயணம் என்று மட்டும் சொல்லி நன்றாக மெழுகு பூசிக் கட்டச் சொன்னார்கள். இரண்டு நாள் அவள் அதைச் செய்தாள். மேசையை விற்றுவிட்டார்கள் என்பது லாரியில் ஏற்றிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. வாங்கியவரிடம் போய், மேசையைத் தான்தான் பார்த்துக்கொண்டதாகவும், தூத்துக்குடிக்கும் வந்து பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள்.

"அங்கன எங்களுக்கு ஆள் இருக்கும்மா," என்றார் அவர்.

லாரி கிளம்பியது. நாகநாதன் கணக்கு முடிந்த மனுஷனைப்போல் வாசலைச் சாத்தினான். பஞ்சம்மாள் அன்று மத்தியானமே கருவாட்டுக் களத்துக்குப் போனாள். மேஸ்திரி அவளுக்குக் கத்தியும் ஒரு கூடை சாளை மீனும் கொடுத்தார். அவள் உட்கார்ந்து முதல் மீனைக் கீறி உப்புத் திணித்தாள்.