கையெழுத்துப் போடாதவள்

சந்தனம்மாள் தட்டுத் தட்டாக விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே போகிறாள். ஈரம் போதாத குழியை விரலே சொல்லிவிடும். சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில், நிழல்வலைக்குள், குழித்தட்டில் தக்காளி, மிளகாய் நாற்று வளர்க்கிறவள். துவண்ட நாற்றைக் கண்டால், "என்னாத்தா, மொகம் வாடிக் கெடக்கு?" என்று விசாரித்துவிட்டுத்தான் பூவாளியை எடுப்பாள்.

எதிலும் கையெழுத்துப் போடமாட்டாள். புருசன் யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு ஒரு குறுக்கம் நிலம் கைவிட்டுப் போனதிலிருந்து அப்படி.

தேனிக் கம்பெனி ஒன்று மூன்று வருடமாக அவளிடம் நாற்று எடுக்கிறது. போன ஆடியில் புது விதிகள் அச்சிட்ட தாளை அனுப்பினார்கள். நாற்று இனி அவர்களுக்கு மட்டும். அவர்கள் கழித்ததை வெளியில் விற்காமல் அழித்துவிட வேண்டும். ஆளை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "நாந்தான் கையெழுத்துப் போடலையே. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்று கூரை எரவாணத்தில் சொருகினாள். வாராவாரம் வண்டி வந்தது. ஏற்றிவிட்டாள்.

இந்த வாரம் உயரம் போதவில்லை என்று அறுபது தட்டு மிளகாயைக் கழித்துவிட்டார்கள். பக்கத்துக் காட்டுக் காமராஜ், கொழுந்தன் முறை, அன்றைக்கே வந்து நின்றார். மழையில் அவர் நாற்று அழுகி, நடவுக்குப் பார் போட்ட நிலம் சும்மா கிடந்தது. கொடுக்கப் போனவளைக் கம்பெனி ஆள் தடுத்தான். ஒரு தட்டு வெளியே போனாலும் மொத்த ஆர்டரும் நின்றுவிடும், நஷ்டஈடும் கேட்பார்கள் என்றான்.

அந்தத் தாளோடு உத்தமபாளையத்துக்கு பஸ் ஏறி வக்கீல் லிங்கேஸ்வரனைப் பார்த்தாள்.

"நான் கையெழுத்தே போடல சார்."

"வேணாம்னு எழுதிக் குடுத்தீகளாக்கா?"

"இல்லையே."

"விதி தெரிஞ்சப்புறமும் வண்டியில ஏத்திக்கிட்டே இருந்திருக்கீக. அதுவே சம்மதந்தான். கையெழுத்து வேணும்னு இல்ல."

"ஏத்தாம இருந்தா எங்கிட்ட வேலை பாக்குற ஏழு பொம்பளைகளும் அன்னைக்கே வீட்டுக்குப் போயிருப்பாகளே."

லிங்கேஸ்வரன் தாளை மடித்து அவளிடமே கொடுத்தார்.

திரும்பி வந்தபோது காமராஜ் காலிக் கூடையோடு காத்திருந்தார். "மதினி, என்ன சொன்னாக?"

அவள் மிளகாய்த் தட்டு ஒன்றைத் தூக்கிப் போய் உரக்குழி ஓரம் உட்கார்ந்தாள். அழித்ததைப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். முதல் நாற்றின் அடித்தண்டைப் பிடித்து, ஒரு வேரும் அறுந்துவிடாமல் மெல்ல உருவி, உரக்குழிக்குள் படுக்கவைத்தாள்.