விளக்கில் எரிந்த டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்

டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை பாலச்சந்திரன் ஒரே பாட்டைத்தான் பாடினார். உள்ளே பெட்ரோலிய எண்ணெய் வேண்டாம், சோயா எண்ணெய் ஊற்றுங்கள். லேசில் தீப்பிடிக்காது, தரையில் கொட்டினாலும் மக்கிவிடும். மேலதிகாரிகள் பலமாகத் தலையாட்டுவார்கள். விலையைக் கேட்டதும் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஓய்வுக்குப் பிறகு, மராட்டிக்காரர்களின் ஊரான வானவடியில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி சொசைட்டியின் டிரான்ஸ்ஃபார்மரே புகைந்து உயிரை விட்டது. புதிது வாங்க வேண்டும். இதையும் கோட்டைவிட்டால் தாவர எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மரை இந்த ஜன்மத்தில் கண்ணால் பார்க்கப் போவதில்லை என்று மனிதருக்குத் தூக்கமே போயிற்று.

சொசைட்டியின் பொதுக்கூட்டத்துக்கு அந்த எண்ணெயில் ஒரு பாட்டில் கொண்டுபோனார். கிண்ணத்தில் ஊற்றி எரிகிற தீக்குச்சியைப் போடுவார், குச்சி அணையும், ஜனங்கள் வாயைப் பிளப்பார்கள் என்பது திட்டம். பழைய எண்ணெயில் போட்டாலும் குச்சி அணையத்தான் செய்யும். யாராவது கேட்டால் அதையும் சொல்லிவிடலாம் என்றிருந்தார். நேர்மையானவர், பாவம்!

விளக்கேற்றாமல் எந்தக் கூட்டம் தொடங்கும்? அவருக்கு அந்தச் சடங்கெல்லாம் ஆகாது. பாட்டிலை மனைவி சரசாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். திரும்பி வந்து, தீப்பிடிக்காத பெருமையை இந்தியில் விஸ்தாரமாகப் பேசிவிட்டுப் பாட்டிலை எடுத்தால், காலி.

"சரசா, இதுல இருந்த எண்ணெய் எங்கே?"

"விளக்குல எண்ணெயே இல்லை. அதான் விட்டேன். நன்னாத்தானே எரியறது?"

என்னவென்று கேட்ட சேர்மன் கோட்போலேக்கு அவள் மராட்டியிலும் சொல்லிவைத்தாள். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தீப்பிடிக்காத எண்ணெய் ஐந்து முகத்திலும் ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

மானம் போயிற்று என்று பாலச்சந்திரன் திரி, வெப்பநிலை என்று உளற ஆரம்பித்தார். கோட்போலே எழுந்து விளக்கைக் கும்பிட்டார். சாமிக்கு ஏற்ற எண்ணெய் நம் சொசைட்டிக்கு ஆகாதா, அந்தப் பெட்ரோல் நாற்றத்தை யாராவது விளக்கில் ஊற்றுவார்களா என்று கேட்டார். விலை அதிகம் என்று முணுமுணுத்தவர்கள் உட்பட எல்லாக் கையும் உயர்ந்தது.

பாலச்சந்திரனுக்குப் பொறுக்கவில்லை. காரணம் அதுவல்ல என்று வாயைத் திறந்தார். சரசா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பேசாம ஒக்காருங்கோ. பாஸாயிடுத்து."

உட்கார்ந்தார்.

டிரான்ஸ்ஃபார்மர் வந்து இறங்கியதும் அவரையே தேங்காய் உடைக்கச் சொன்னார்கள். உடைத்தார். எண்ணெயின் குணங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல ஆரம்பித்தார். கூட்டம் பிரசாதத்தின் பக்கம் நகர்ந்துவிட்டது. குங்குமம் வைத்த அந்த இரும்புப் பெட்டியின் முன் தனியாக நின்றவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பக்தி என்று நினைத்துக் கோட்போலே அவர் கையில் இன்னொரு பேடாவை வைத்தார்.